லீட்ஸ் தானிய மண்டி பாரிஸின் நகலா? கத்பர்ட் பிராட்ரிக் பற்றிய இழை

மார்ச் 2 – கேட்டவர்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத் தானிய மண்டியான கார்ன் எக்ஸ்சேஞ்சை எல்லாரும் தூக்கி வைத்து எழுதுகிறீர்கள். அது பாரிஸில் முன்பே இருந்த ஆல் ஓ ப்ளே தானிய மண்டியின் நகல்தானே சார்? வளைந்த சுவர், மேலே குவிமாடம், உள்ளே தானிய வியாபாரம். வெளியூர் ஆர்க்கிடெக்ட் ஒருவர் பிரான்ஸ் போய்ப் பார்த்ததை ஊருக்குத் திரும்பி வரைந்து கொடுத்திருக்கிறார். அவர் கட்டிய லீட்ஸ் டவுன் ஹால் கதையும் இதுதான் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

மறுப்பு இருக்கிறது. முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

கார்ன் எக்ஸ்சேஞ்சைக் கட்டிய கத்பர்ட் பிராட்ரிக் 1821 டிசம்பரில் ஹல் துறைமுகத்தில் பிறந்தவர். தந்தை வசதியான வணிகர், கப்பல் உரிமையாளர். 1837-ல் அதே ஊரில் ஹென்ரி பிரான்சிஸ் லாக்வுட் என்ற ஆர்க்கிடெக்ட்டிடம் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1844-ல் கிளம்பி பிரான்ஸ், இத்தாலி என்று சுற்றிவிட்டு ஹல்லுக்கே திரும்பித் தனியாகத் தொழில் தொடங்கினார். அவர் கட்டிய முக்கியமான கட்டடங்கள் எல்லாமே யார்க்‌ஷரில்தான் இருக்கின்றன: ஹல், லீட்ஸ், ஸ்கார்பரோ, இல்க்லி, வித்தர்ன்சி. 'வெளியூர் ஆர்க்கிடெக்ட்' என்பது சரி. அதைக் குறையாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

இனி நகல் விஷயம். பாரிஸ் மண்டியின் வட்டச் சுவர் 1760-களில் எழுந்தது. அப்போது நடுவில் இருந்தது திறந்த முற்றம். 1783-ல் அதன்மேல் மரக் குவிமாடம் போட்டார்கள். 1802-ல் அது எரிந்துபோனது. பிறகு பெலாஞ்சே என்ற ஆர்க்கிடெக்ட் இரும்புச் சட்டம் அமைத்துச் செம்புத் தகடு போர்த்தி 1811-ல் முடித்தார். கூரை பின்னால் வந்து சேர்ந்த கட்டடம் அது. லீட்ஸில் நடந்தது நேர் எதிர். அங்கே முதலில் தீர்மானமானது கூரை வெளிச்சம், சுவர் அதைத் தாங்க வந்தது. வடிவமும் வட்டமல்ல, நீள்வட்டம். ஒரு பக்கம் சுமார் 190 அடி, மறுபக்கம் 136 அடி.

மார்ச் 3

வெளிச்சம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். கட்டடத்தின் உயிரே அதில் இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இந்த மண்டிக்குள் மூட்டைகள் வராது. வருவது மாதிரித் தானியம்தான், சின்னப் பையில் ஒரு கை அளவு கோதுமை, பார்லி, ஓட்ஸ். வாங்குபவர் அதைக் கொட்டிப் பரப்பிப் பார்ப்பார். நிறம் மங்கியிருக்கிறதா, மணி முற்றியதா சுருங்கியதா, ஈரம் பட்டுக் கறுத்த முனை தெரிகிறதா, வண்டு துளைத்திருக்கிறதா, கல், களை விதை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கேயே விலை பேசி முடிப்பார். பார்லியின் வெளிர் மஞ்சளுக்கும் மழையில் நனைந்த பார்லியின் பழுப்புக்கும் உள்ள சிறு வித்தியாசம்தான் காசு. நேர் வெயில் மேசையில் விழுந்தால் மஞ்சள் எல்லாம் பொன்னாகத் தெரியும், ஒவ்வொரு தானிய மணிக்கும் நிழல் விழும். மேகம் நகர்ந்தால் அதே தானியம் வேறு சரக்குபோலத் தெரியும். விற்பவர் வெயில் பக்கம் நின்றுகொண்டால் வாங்குபவர் ஏமாறுவார்.

அதனால் கூரையின் வடக்குச் சரிவில் பெரிய கண்ணாடிப் பரப்பை வைத்தார் பிராட்ரிக். வானத்தின் பரவிய ஒளி மட்டும் வரும், நாள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் இருக்கும். ஓவியர்கள் தங்கள் பட்டறைக்கு வடக்கு ஜன்னல் கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான். தானியத் தரகருக்கும் அது வேண்டும் என்று கண்டு, ஒரு மண்டியின் கூரையையே அதற்காகத் திருப்பியது பெரிய காரியம்.

சுற்றுச் சுவரை ஒட்டி இரண்டு தளங்களிலும் 59 சிறு அலுவலக அறைகள், மேல்தளத்துக்குச் சுற்றிவரும் பால்கனி, நடுவில் ஒரு தூண்கூட இல்லாத தளம். பேரம் நடுவில், கணக்கு ஓரத்தில்.

மார்ச் 3, மாலை

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். பாரிஸுக்கும் லீட்ஸுக்கும் தொடர்பே இல்லை என்ற தொனி வந்துவிட்டது. அது தவறு. தொடர்பு உண்டு. சுற்றிலும் அறைகள், நடுவில் மூடிய தளம், வெளியே எந்தப் பக்கமும் 'பின்பக்கம்' ஆகாத வளைந்த சுவர் என்ற அடிப்படை யோசனை பாரிஸிலிருந்து வந்ததுதான். அதை லீட்ஸில் என்ன செய்தார் என்பதில்தான் என் வாதம் இருக்கிறது.

பின்பக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. லீட்ஸில் கால் லேன் என்ற தெருப் பக்கம் இருக்கும் அந்த மனை ஒழுங்கான சதுரமல்ல. சுற்றிலும் தெருக்கள், கோணல் மாணலான எல்லை. செவ்வகம் கட்டியிருந்தால் மூலைக்கு மூலை உபயோகமில்லாத முக்கோணத் துண்டுகள் மிஞ்சியிருக்கும், ஏதோ ஒரு தெரு புழக்கடையைப் பார்த்தபடி நிற்கும். நீள்வட்டம் எல்லாத் தெருவுக்கும் முகம் காட்டுகிறது, வண்டி திரும்பவும் இடம் விடுகிறது.

மார்ச் 5 – இன்னொரு வாசகர்

அண்ணே, நீள்வட்டத்தைத் தரையில் எப்படிக் கோடு போடுவார்கள்? வட்டம் என்றால் நடுவில் முளை அடித்துக் கயிறு பிடிக்கலாம். இதற்கு?

மார்ச் 5

இதற்கு இரண்டு முளை. தோட்டக்காரர்கள் பாத்தி போடும் முறைதான்.

நீள அச்சில் பாதி 95 அடி, அகல அச்சில் பாதி 68 அடி. 95-ன் வர்க்கத்திலிருந்து 68-ன் வர்க்கத்தைக் கழியுங்கள்: 9025 – 4624 = 4401. அதன் வர்க்கமூலம் சுமார் 66.3. நடுப்புள்ளியிலிருந்து நீள அச்சின் வழியே இருபுறமும் 66.3 அடியில் முளை அடிக்க வேண்டும். இரண்டு முளைகளிலும் கயிற்றின் இரு நுனிகளைக் கட்டுங்கள். இடையில் இருக்கும் கயிறு சரியாக 190 அடி. கோலைக் கயிற்றில் அழுத்தி, தொய்யாமல் இழுத்துக்கொண்டே நடந்தால் வளைவு வந்துவிடும்.

வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்க்க விரும்பினால் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணிகளுக்கு இடையே 132.6 செ.மீ., கயிறு 190 செ.மீ. மீன்பிடி நரம்போ ரப்பர் கலந்த நூலோ வேண்டாம், நீளும். முறுக்குச் சணல் சரியாக வரும்.

மார்ச் 6

நேற்றைய குறிப்பில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று. நுனிகளை முளையில் கட்டாமல், கயிற்றை வளையமாக முடிந்து இரண்டு முளைகளையும் சுற்றிப் போட்டால் நீளம் 190 போதாது. முளைகளுக்கு இடையிலுள்ள 132.6-ஐயும் சேர்க்க வேண்டும், மொத்தம் 322.6. வளையம்தான் வேலைக்குச் சௌகரியம். கட்டிய கயிற்றில் கோல் முளையைத் தாண்டும்போது பக்கம் மாற்ற வேண்டிவரும், வளையத்தில் ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

இதைவிட முக்கியமான சிக்கல் உள்சுவரில் வரும். வெளிக்கோடு போட்டாயிற்று, 20 அடி ஆழத்துக்கு அறைகள் விட்டு உள்கோடு போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த அளவுதான், லீட்ஸ் அறையின் அளவு அல்ல. அதே முளையில் கயிற்றைக் குறைத்து இழுத்தால் என்ன ஆகும்? நீளத்தில் 95 என்பது 75 ஆகும். அகலத்தில் 75-ன் வர்க்கம் 5625, அதில் 4401 போக 1224, மூலம் 35. அதாவது நீள அச்சின் கோடியில் அறை 20 அடி ஆழம், பக்கவாட்டில் 68 – 35 = 33 அடி ஆழம். ஒரே வாடகைக்கு ஒருவருக்கு 20 அடி, அடுத்தவருக்கு 33 அடி.

நீள்வட்டத்துக்குச் சம இடைவெளியில் உள்ளே ஓடும் கோடு இன்னொரு நீள்வட்டமல்ல என்பதே காரணம். சரியான வழி வெளிக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்து எடுத்து 20 அடி அளப்பது. அந்தச் செங்குத்தைக் கண்டுபிடிக்கக் கயிறே உதவும். கோல் நிற்கும் இடத்தில் இரண்டு முளைக்கும் போகும் கயிறுகளுக்கு இடையிலுள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் அதுதான் செங்குத்து. எனக்குத் தெரிந்து வடிவியலில் இவ்வளவு அழகாக வேலைக்கு உதவும் உண்மை குறைவு.

மார்ச் 6, இரவு

கல் பற்றி.

சுவர் முழுக்க வைர முனைக் கொத்து. ஒவ்வொரு கல்லின் முகமும் நான்கு சரிவாகச் செதுக்கி நடுவில் கூராக எழும்பி நிற்கும். இத்தாலியில் பெராராவின் வைர மாளிகையில் இதைப் பார்க்கலாம். பிராட்ரிக் இதை இங்கே எடுத்துக்கொண்டதில் ஒரு கட்டுமான லாபமும் இருப்பதாக நினைக்கிறேன். வளைந்த சுவருக்கு வழவழப்பான முகம் வைத்தால் ஒவ்வொரு கல்லையும் வளைவுக்கு ஏற்பச் செதுக்க வேண்டும். தட்டையாக விட்டால் சுவர் பல கோணமாகத் தெரியும். முகமே கூம்பாக எழும்பும்போது கண் கூம்பின் நிழலைத்தான் பார்க்கும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போடலாம். கோடியில் வளைவின் ஆரம் 4624 ÷ 95, சுமார் 48.7 அடி. பக்கவாட்டில் 9025 ÷ 68, சுமார் 132.7 அடி. 3 அடி நீளக் கல்லின் நடுவில் தட்டை முகத்துக்கும் உண்மையான வளைவுக்கும் இடைவெளி கோடியில் 7 மில்லிமீட்டர், பக்கவாட்டில் இரண்டரை மில்லிமீட்டர். பல அங்குலம் எழும்பும் கூம்பில் இது காணாமல் போய்விடும்.

ஆனால் பக்க இணைப்பில் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு அடி ஆழக் கல்லின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கோடியில் முக்கால் அங்குலம் குறுகலாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் கால் அங்குலம். அதற்கு இடைப்பட்ட இடங்களில் அளவு படிப்படியாக மாறும். எண் போடாமல் கல்லை இறக்கினால் தளத்தில் குழப்பம்தான். பக்கவாட்டுக்கு வெட்டிய கல்லைக் கோடியில் வைத்தால் முன் இணைப்பு வாய் பிளக்கும். இதைத் தவிர்க்கத்தான் பல கட்டுமானங்களில் உண்மையான நீள்வட்டத்தை விட்டு, இரண்டு ஆரங்களில் நான்கு வில் சேர்த்து முட்டை வடிவம் போடுவார்கள். அப்போது இரண்டே அச்சுப்பலகை போதும்.

மார்ச் 9 – கேட்டவர்

கார்ன் எக்ஸ்சேஞ்ச் விஷயத்தில் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். டவுன் ஹால்? வரிசையாகக் கொரிந்தியன் தூண் (தலையில் இலை செதுக்கிய கிரேக்கப் பாணித் தூண்), மேலே கோபுரம். இதில் லீட்ஸுக்கென்று என்ன இருக்கிறது சார்?

மார்ச் 10

டவுன் ஹாலைத் தெருவிலிருந்து பார்த்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். அதன் கெட்டிக்காரத்தனம் தரைப்படத்தில் இருக்கிறது.

1852-ல் லீட்ஸ் மாநகராட்சி போட்டி அறிவித்தது. நடுவருக்கு ஆலோசகர் சர் சார்ல்ஸ் பேரி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்தவர். முதல் பரிசு பிராட்ரிக்குக்கு. இரண்டாம் பரிசு லாக்வுட்–மாசன் கூட்டுக்கு. ஆம், தொழில் கற்றுக்கொடுத்த அதே லாக்வுட். அவர் அதற்குள் பிராட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்து அங்கே செயின்ட் ஜார்ஜ் ஹால் கட்டிக்கொண்டிருந்தார். வென்றவருக்கு முப்பதை ஒட்டிய வயது. இவ்வளவு இளைஞரை நம்பலாமா என்று மாநகராட்சி பேரியிடமே கேட்டது. தாராளமாக நம்பலாம் என்று அவர் உறுதி சொன்னார்.

கேட்ட வசதிகளைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் அமரும் இசை மண்டபம், நீதிமன்றங்கள், மாநகராட்சிக் கூடம், மேயருக்கு அறைகள், காவல்துறை, கீழே சிறைக்கொட்டடி. ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. கைதி வரும் வழியும் கச்சேரிக்கு வருபவர் வழியும் சந்திக்கக் கூடாது. பிராட்ரிக் சுமார் 250 அடிக்கு 200 அடி செவ்வகத்தின் நடுவில் பெரிய மண்டபத்தை வைத்தார். அதுதான் விக்டோரியா ஹால்: சுமார் 160 அடி நீளம், 72 அடி அகலம், 75 அடி உயரம். அதைச் சுற்றி நடைவழி. நடைக்கு வெளியே நீதிமன்றங்களும் அலுவலகங்களும். நடைதான் சத்தத்துக்குத் தடுப்பு, ஆட்களைப் பிரிக்கும் வழியும் அதுவே. நடுவில் இருப்பதால் மண்டபத்துக்குத் தெருப் பக்கம் ஜன்னல் கிடையாது. அதனால்தான் அதன் கூரையை மற்ற அறைகளுக்கு மேலே தூக்கி, உயரத்தில் ஜன்னல் வைத்தார். வெளியிலிருந்து பார்க்கும்போது தூண் வரிசைக்குப் பின்னால் எழும் அந்தப் பெட்டிதான் மண்டபம்.

கூரை மேல் நிற்கும் சின்னச் சின்னக் கோபுரங்களைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அவை காற்றுப்போக்கிகள். எரிவாயு விளக்கு எரியும் மண்டபத்தில் கூட்டம் நிறைந்தால் மேலே சூடும் புகையும் சேரும். அது வெளியேற வழி வேண்டும்.

மார்ச் 10, சற்றுப் பின்

பெரிய கோபுரம். 225 அடி. இதைப் போட்டிப் படத்தோடு சேர்த்துப் பேசாதீர்கள். கோபுரம் வேண்டுமா வேண்டாமா என்று மாநகராட்சி ஆண்டுக்கணக்கில் மாறி மாறி வாக்களித்தது. டாக்டர் ஹீட்டன் என்ற உள்ளூர் மருத்துவர் வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். செலவைப் பார்க்கச் சொன்னவர்கள் எதிர்த்தார்கள். அடிக்கல் 1853 ஆகஸ்ட் 17-ல் நாட்டியாயிற்று, கோபுரத்துக்கு ஒப்புதல் 1856-ல்தான் வந்தது. கட்டடம் பாதிக்கு மேல் எழுந்த பிறகு!

கோபுரம் நிற்பது முன்வாசல் கூடத்தின் மேல். தூண் வரிசைக்குச் சற்றுப் பின்னால். அதன் பாரம் முழுக்க அந்தக் கூடத்தின் சுவர்களுக்குத்தான் வரும். இப்படிப்பட்ட இடத்தில் பின்னால் பாரம் ஏற்றும்போது பயப்பட வேண்டியது சுவர் நொறுங்குவதைவிட ஏற்றத்தாழ்வான இறக்கத்தை. கோபுரத்தின் கீழ் மண் கூடுதலாக அழுந்தும், பக்கத்துச் சுவர் அப்படியே நிற்கும், இரண்டும் சேரும் இடத்தில் மூலைவிட்டமாக வெடிப்பு ஓடும். கோபுரம் நேராக நிற்கிறது.

பணம் தாக்குப்பிடிக்கவில்லை. போட்டியில் சொன்ன தொகை 35,000 பவுண்டு. முடிந்தபோது 1,20,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. கான்ட்ராக்டர் சாமுவேல் அடாக் 1857-ல் திவாலானார். மொத்த விலை டெண்டர் எடுத்தவருக்கு நடுவில் வரும் ஒவ்வொரு மாற்றமும் இரட்டை அடி. கூடுதல் வேலைக்குப் பேரம் பேசி முடியும்வரை கூலியைத் தன் கையிலிருந்து போட வேண்டும், தாமதத்துக்குப் பழியும் ஏற்க வேண்டும். தாமதத்துக்குப் பிராட்ரிக்கையும் திட்டினார்கள். முடிவு செய்யாமல் மூன்று ஆண்டு இழுத்தவர்களின் பங்கை இந்தக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

1858 செப்டம்பர் 7-ல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார். கோபுர வேலை அப்போதும் முடியவில்லை.

மார்ச் 11

தூண் விஷயத்தை விட்டுவிட்டேன். முன்வாசலின் தூண் வரிசைக்கு மேல் முக்கோண முகப்பு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உத்தரம் நேராக ஓடுகிறது. பிர்மிங்ஹம் டவுன் ஹாலுக்கு ரோமக் கோயில் மாதிரி முக்கோணம் உண்டு. லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹாலின் தெற்கு முகப்பிலும் உண்டு. லீட்ஸில் அது இருந்திருந்தால் மேலே கோபுரத்தின் அடி எங்கே உட்காரும்? முக்கோணத்தின் உச்சி கோபுரத்தை மறித்திருக்கும். நேர் உத்தரம் இருந்ததால்தான் பின்னால் வந்த கோபுரம் ஒட்டாத உறுப்பாகத் தெரியவில்லை.

மார்ச் 13 – இன்னொரு வாசகர்

பழைய படங்களில் டவுன் ஹால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. வாசல் சிங்கங்கள் மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளை. பெயின்ட் அடித்தார்களா?

மார்ச் 13

பெயின்ட் இல்லை, கரி. இரண்டும் வேறு வேறு கல்.

கட்டடம் மில்ஸ்டோன் கிரிட், பெயரே சொல்வதுபோலத் திரிகைக்கல்லுக்கு வெட்டிய முரட்டு மணற்கல். மணிகளைப் பிணைப்பது பெரும்பாலும் சிலிக்கா, அமிலம் கலந்த மழை அதைக் கரைக்காது. ஆலைப் புகை மேற்பரப்பின் குழிகளில் படிந்து இறுகிவிடும், மழை கழுவாது. அதனால் மழை படும் இடம், படாத இடம் எல்லாம் ஒரே கறுப்பு. 1970-களின் தொடக்கத்தில் சுத்தம் செய்தபோதுதான் ஊர்க்காரர்கள் அதன் உண்மை நிறத்தைப் பார்த்தார்கள்.

சிங்கங்கள் 1867-ல் வந்தவை. ஹல் சிற்பி வில்லியம் டே கீவர்த் செதுக்கியது, போர்ட்லண்ட் கல், அதாவது சுண்ணாம்புக்கல். அமில மழை அதன் மேற்பரப்பையே மெல்லக் கரைத்துக்கொண்டு போகும், கரியும் கூடவே போய்விடும். மழை அடிக்கும் முதுகும் நெற்றியும் வெள்ளை. மழை எட்டாத தாடையின் அடியிலும் கால் இடுக்கிலும் கறுப்புப் பொருக்கு. கிட்டே போய்ப் பாருங்கள், பிடரி மயிரின் உளிக்கோடு மேல்பக்கம் மழுங்கி, கீழ்ப்பக்கம் கூர்மையாக இருக்கும்.

இந்த இரண்டு கல்லையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது எச்சரிக்கை வேண்டும். மேலே சுண்ணாம்புக்கல், கீழே மணற்கல் என்றால் கரைந்து வழியும் உப்பு மணற்கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி, தோலை உரித்துத் தள்ளிவிடும்.

முரட்டுக் கல்லில் கொரிந்தியன் இலை செதுக்குவதும் எளிதல்ல. குவார்ட்ஸ் மணி பெரிதாக இருந்தால் மெல்லிய இலை நுனியில் உளி பட்டவுடன் மணியோடு பெயர்ந்து வரும். இலையைத் தடிப்பாக விட வேண்டும், அடியில் குடைவதைக் குறைக்க வேண்டும். யார்க்‌ஷர்க் கட்டடங்களின் தூண் தலைகள் தடித்துத் தெரிவதைக் கையில் திறமையில்லாததாகப் படிக்கக் கூடாது.

மார்ச் 14

பெயர் பற்றி ஒரு வரி. பிராட்ரிக். 'பிராடெரிக்' என்று நடுவில் ஒரு அசையைச் சேர்க்கிறார்கள், தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

மார்ச் 17 – கேட்டவர்

ஸ்கார்பரோ கிராண்ட் ஹோட்டலில் நாட்காட்டி விளையாட்டு விளையாடியிருக்கிறாரே: 4 கோபுரம், 12 தளம், 52 புகைபோக்கி, 365 அறை. இது வேலைக்கு ஏற்ற வடிவமா, வித்தையா?

மார்ச் 17

வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். 1860-களில் புதிய ரயில் பயணிகளைக் கவர வேண்டிய ஹோட்டலுக்கு அந்த வித்தையும் ஒரு வேலை. பருவம், மாதம், வாரம், நாள் என்று விளம்பரம் தானே எழுதிக்கொள்ளும். ஆனால் அங்கே நான் பார்ப்பது மனையை. செயின்ட் நிக்கலஸ் பாறை விளிம்பு, கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. ஊர்ப் பக்கம் நின்று பார்த்தால் சில தளங்கள்தான் தெரியும், கடற்கரையிலிருந்து அண்ணாந்தால் மலைபோல் எழும். தரைப்படம் ஆங்கில 'வி' எழுத்து, மகாராணியின் முதலெழுத்து என்பார்கள். அந்த வடிவத்தில் இரண்டு கைகளின் வெளிப்புற அறைகளுக்கும் கடல் அல்லது வளைகுடாப் பார்வை கிடைக்கிறது. நேர்க்கோட்டில் கட்டியிருந்தால் பாதி அறைகள் ஊர்க்கூரையைத்தான் பார்த்திருக்கும்.

1863-ல் தொடங்கிய வேலை, நடுவில் கம்பெனியின் பணம் தீர்ந்து, கான்ட்ராக்டர் ஆர்ச்சிபால்ட் நீல் கைக்குப் போய், 1867-ல் திறந்தது. மஞ்சள் செங்கல், நான்கு மூலையிலும் பிதுங்கிய கூரைக் கோபுரங்கள். குளியல் தொட்டிகளில் நல்ல தண்ணீருக்குத் தனிக் குழாய், கடல் தண்ணீருக்குத் தனிக் குழாய், இரண்டிலும் சூடும் குளிரும். அன்று கடல்நீர்க் குளியல் மருத்துவம். இப்படி இரண்டு வரிசை ஓட்டும் கட்டடத்தில் உப்பு வரிசையை நல்ல தண்ணீர் வரிசையோடு எந்த இடத்திலும் இணைக்கக் கூடாது. வார்ப்பிரும்பை உப்பு அரித்தால் வெளி உருவம் அப்படியே இருக்கும், உள்ளே மிஞ்சுவது பென்சில் கரி போன்ற மென்பொருள், தட்டினால் நொறுங்கும். பித்தளைக் குழாய்வாயும் இரும்புக் குழாயும் சேரும் இடம்தான் முதலில் போகும்.

1914 டிசம்பர் 16-ல் ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஸ்கார்பரோவைச் சுட்டபோது ஹோட்டலும் அடிபட்டது. இப்போது அதன் விளிம்புகளில் கிட்டிவேக் கடற்புறாக்கள் கூடு கட்டுகின்றன. அவற்றுக்குப் பாறையும் பிராட்ரிக்கும் ஒன்றுதான்.

மார்ச் 19

பிராட்ரிக் கட்டியவற்றில் இல்லாமல் போனவற்றையும் எழுதிவைக்க வேண்டும், இழை முழுக்க நிற்பவற்றையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஹல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் 1943 குண்டுவீச்சில் போயிற்று. ஹல் டவுன் ஹாலை இடித்துப் புதிய கில்டுஹால் (மாநகராட்சி மாளிகை) கட்டினார்கள். பழையதன் சிறு குவிமாடம் மட்டும் பியர்சன் பூங்காவில் தரையில் நிற்கிறது, ஆள் உயரத்தில் அதன் கல்வேலையைப் பார்க்கலாம். லீட்ஸ் குக்ரிட்ஜ் தெருவில் அவர் 1860-களில் கட்டிய கீழைப் பாணிக் குளியல் நிலையம், பல நிறச் செங்கலும் குவிமாடமுமாக இருந்தது, 1969-ல் இடிபட்டது. எனக்கு மிகவும் வலிப்பது அதுதான். டவுன் ஹால்காரர் இவ்வளவு விளையாட்டாகவும் கட்டுவார் என்பதற்கு இருந்த சாட்சி அது.

நிற்பவற்றில் லீட்ஸ் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டை (தொழிலாளர் கல்விக்கூடம்) விட்டுவிட்டேன். 1868-ல் முடிந்தது, 2008 முதல் லீட்ஸ் நகர அருங்காட்சியகம். செவ்வகத்தின் நடுவில் வட்டமான விரிவுரை மண்டபம், சுற்றிலும் வகுப்பறைகள். டவுன் ஹாலில் செய்த அதே யோசனை: கூட்டம் நடுவில், சிறு வேலைகள் ஓரத்தில். கார்ன் எக்ஸ்சேஞ்சிலும் அதுதான். மூன்று கட்டடங்களுக்கும் மூன்று வேஷம், எலும்பு ஒன்று. நகல் எடுப்பவர் வேஷத்தை எடுப்பார், இவர் கொண்டுவந்தது எலும்பை.

மார்ச் 20

நகல் என்றால் இன்னொரு திசையையும் பார்க்க வேண்டும். போல்டன் டவுன் ஹால், போர்ட்ஸ்மத் கில்டுஹால் இரண்டும் லீட்ஸ்காரர் வில்லியம் ஹில் வரைந்தவை. இரண்டிலும் லீட்ஸ் டவுன் ஹாலின் சாயல் அப்பட்டம். மார்லி டவுன் ஹாலிலும் அந்தச் சாயல் உண்டு. பாரிஸைப் பார்த்து எழுதினார் என்று தொடங்கிய இழை இது, அவரைப் பார்த்து எழுதியவர்கள் பட்டியல் நீளமாக இருக்கிறது.

பிராட்ரிக் 1870-ஐ ஒட்டித் தொழிலை விட்டுப் பிரான்ஸ் போய்விட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கடைசியில் ஜெர்சி தீவில் 1905 மார்ச் 2-ல் இறந்தார்.

மார்ச் 22 – கேட்டவர்

சார், அடுத்த மாதம் ஒரு வேலையாக லீட்ஸ் போகிறேன். கார்ன் எக்ஸ்சேஞ்சில் எங்கே நின்று பார்க்க வேண்டும், எந்த நேரம்?

மார்ச் 22

போவதற்கு முன் மார்ச் 3-ல் வெளிச்சம் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். 'நேர் வெயில் வராது' என்ற பொருளில் எழுதியிருந்தேன். முழுக்கச் சரியல்ல. லீட்ஸ் இருப்பது ஏறக்குறைய 53.8 பாகை வடக்கில். ஜூன் நடுவில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட 60 பாகை உயரத்தில் இருக்கும். வடக்கு நோக்கிய கண்ணாடி அதைவிடத் தட்டையாகச் சாய்ந்திருந்தால் கோடையில் வெயில் அதன்மேல் ஏறி உள்ளே விழும். செப்டம்பர் கடைசியில் உயரம் 36 பாகை, டிசம்பரில் 13-க்கும் கீழ். புது அறுவடைத் தானியம் மண்டிக்கு வருவது இலையுதிர்காலத்திலிருந்து. வியாபாரம் சூடுபிடிக்கும் மாதங்களில் சூரியன் தாழ்ந்தே இருக்கும், தெற்குச் சரிவே அதை மறைத்துவிடும். அதாவது வெளிச்சம் ஒழுங்காக இருக்க வேண்டிய மாதங்களில் ஒழுங்காக இருக்கும்.

நீங்கள் ஏப்ரலில் போகிறீர்கள். சூரியன் நாற்பது, ஐம்பது பாகைக்கு ஏறியிருக்கும். நண்பகலை ஒட்டிப் போங்கள், கோடை நேரக் கணக்கில் அங்கே கடிகாரம் ஒரு மணி காட்டும்போது. முதலில் மேல் பால்கனியின் தெற்குப் பக்கம் நின்று எதிரே கண்ணாடியைப் பாருங்கள், விலாச்சட்டங்கள் எப்படி இறங்குகின்றன என்று தெரியும். பிறகு வடக்குப் பக்கத்துக்கு நடந்துபோய்க் கீழே குனிந்து தளத்தைப் பாருங்கள். தளத்தின் நடுவில் நிலவறைக்கு ஒரு திறப்பு இருக்கும், 1990-ஐ ஒட்டிய மறுசீரமைப்பில் வந்தது, பிராட்ரிக்கின் வேலை அல்ல. அதை மனதிலிருந்து மூடிவிட்டுப் பாருங்கள்.

சட்டைப்பையில் இரண்டு பிடி கோதுமை கொண்டுபோங்கள், ஒன்று நல்லது, ஒன்று பழசு. உள்ளங்கையில் பரப்பி அந்த வெளிச்சத்தில் ஒரு தரம், வாசலுக்கு வெளியே வெயிலில் ஒரு தரம் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.